யாரை வைத்து அளந்த இயல்பு?

ஓசூரை அடுத்த எங்கள் தொரப்பள்ளியை வெளியூரார் இராசாசி பிறந்த ஊர் என்று அறிவர். இங்குள்ளோர்க்கோ அது, விடியலில் ஆலைப் பேருந்துகள் வந்து ஆள்களை அள்ளிக்கொண்டு போகும் ஊர். அவ்வாறு போகின்றவருள் ஒருவர், எம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்தியின் தந்தை, சென்ற ஆடித் திங்களில் ஒரு மாலை இரண்டு தாள்களுடன் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். ஆங்கிலத்தில் அச்சிட்ட எந்தத் தாளானாலும் தமிழாசிரியனிடம் கொண்டுவந்து பொருள் கேட்பது இவ்வூர் வழக்கமாகிவிட்டது. ஆங்கில ஆசிரியர் பெங்களூரிலிருந்து வந்து போகிறவர், மாலையில் அகப்படார்.

முதல் தாள் பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் தந்தது. விரல் நுனியில் குத்திப் பிழிந்த துளியில், குருதியின் செந்நிறமி (ஆய்வகத்தார் ஈமோகுளோபின் என்று எழுதுவது) 100 மில்லிலிட்டருக்கு 11.4 கிராம் எனக் கண்டு, குருதிச்சோகை என்று குறித்திருந்தனர். இரண்டாம் தாள் ஓசூரில் ஒரு தனியார் ஆய்வகத்தில் பெற்றது. அங்கே கை நாளத்தில் எடுத்த குருதியில் 12.2 இருந்தது. அருகே "நார்மல்" என்ற தலைப்பின்கீழ் 12.0 முதல் 15.0 வரை என்று அச்சிட்டிருந்தது. வரம்பு மீறிய எண்ணுக்குப் பக்கத்தில் இடும் உடுக்குறி இந்தத் தாளில் இல்லை.

"ஐயா, என் மகள் நோயாளியா, இல்லையா? ஒரு தாள் ஆம் என்கிறது. ஒரு தாள் இல்லை என்கிறது. நான் எதை நம்புவது?" என்றார் அவர்.

இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்த யான், இருபத்தைந்து ஆண்டுகளாக இவ்வியக்கத்தில் நின்று பேசி வந்த ஒரு கருத்தைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. அதனாலேயே இதை எழுதுகிறேன்.

முதற்கண் அந்த "நார்மல்" என்னும் சொல்லைப் பார்ப்போம். இலத்தீனத்தில் "நார்மா" என்பது தச்சர் கையாளும் மூலைமட்டம். அதற்கு ஒத்தது நேர், ஒவ்வாதது கோணல். தச்சனின் கருவி மெல்ல மெல்ல மாந்தரையும் அளக்கத் தலைப்பட்டது. பெல்சியம் நாட்டுக் கெட்டலே என்பார் 1835இல், நிரவல் மாந்தன் (சராசரி மாந்தன்) ஒருவனைக் கணக்கால் படைத்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிந்திறங்கும் மணி வடிவக் கோட்டுக்கும் "நார்மல்" என்றே பெயர் வழங்கலாயிற்று. மூலைமட்டம், நிரவல், மணிக்கோடு, உடல்நலம் ஆகிய நான்கையும் ஒரே சொல் சுமக்கும்போது, மணிக்கோட்டின் நடுவில் இருப்பவனே நலமுடையோன், ஓரத்தில் இருப்பவன் நோயாளி என்ற மயக்கம் தானே பிறக்கும். நாமும் அதை "இயல்பு" என்று பெயர்த்து, அம்மயக்கத்தைத் தமிழுக்குள் கொண்டுவந்து குடியேற்றிவிட்டோம்.

இச்சொல் தவறென்று முதலில் கண்டவர்கள் மொழிப்புலவர்கள் அல்லர், ஆய்வகத்தாரேதாம். பின்லாந்து நாட்டைச் சேர்ந்த இரால்ப் கிரேசுபெக், நீல்சு எரிக் சாரிசு என்னும் இருவர் 1969இல் "நார்மல் அளவு" என்ற வழக்கைக் கைவிட வேண்டும் என்றனர். இன்னாரை, இவ்வாறு தேர்ந்து, இம்முறையில் அளந்தபோது கிடைத்த அளவு இது, அதனோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள் என்று பொருள்படும் சொல்லை அவ்விடத்தில் வைத்தனர். பின்னர் அனைத்துலக மருத்துவ வேதியியல் கூட்டமைப்பும் அதனை ஏற்று நெறிமுறைகள் வகுத்தது. தமிழில் அதனை "ஒப்பு வரம்பு" எனலாம். யாரோடு ஒப்பு என்ற வினா அச்சொல்லிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. "இயல்பு" என்றால் அவ்வினா எழுவதற்கு இடமே இல்லை. சொல்லாக்கம் வெறும் மொழிப்பற்றுக்காரரின் பொழுதுபோக்கு என்று நகையாடுவோர் இவ்விரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாராக.

சரி, அவ்வரம்பை எவ்வாறு வகுக்கின்றனர்? நலமுடையவர் எனத் தேர்ந்த ஒரு கூட்டத்தாரை அளந்து, எண்களை ஏறுவரிசையில் அடுக்கி, அடியில் 2.5 விழுக்காட்டையும் உச்சியில் 2.5 விழுக்காட்டையும் வெட்டிவிட்டு, இடையில் நிற்கும் 95 விழுக்காட்டை வரம்பு என்பர். அஃதாவது, நலமுடையவர் என்று நாமே உறுதி செய்த நூற்றுவரில் ஐவர், வகுத்த முறையினாலேயே வரம்புக்கு வெளியே தள்ளப்படுகின்றனர். அவர்களுக்கு நோய் ஒன்றும் இல்லை. வெட்டிய கத்தி அவ்விடத்தில் விழுந்தது, அவ்வளவே.

இதன் விளைவை யான் பட்டுணர்ந்தேன். ஈராண்டுகளுக்கு முன் விழாக்காலச் சலுகை என்று விளம்பரம் கண்டு, தலைமுதல் கால்வரை இருபது ஆய்வுகள் அடங்கிய தொகுப்பு ஒன்றைச் செய்துகொண்டேன். ஈரலைப் பற்றிய ஓர் எண்ணின் அருகில் உடுக்குறி விழுந்தது. பெங்களூருக்கு மூன்று முறை அலைந்தேன். ஒலியலைப் படம், மறுஆய்வு, மறுஆய்வுக்கும் மறுஆய்வு என்று உருபா பதினோராயிரம் கரைந்தது. வீட்டில் உறக்கம் கெட்டது. இறுதியில் ஒன்றுமில்லை என்றனர். கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கும் என் மருகன் அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தான். ஒவ்வோர் ஆய்விலும் நலமுடையவர் தப்புவதற்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாய்ப்பு. ஒன்றையொன்று சாராத இருபது ஆய்வுகளிலும் தப்ப வேண்டுமானால் 0.95ஐ இருபது முறை பெருக்க வேண்டும், வருவது 0.36. நலமுடைய நூற்றுவரில் அறுபத்து நால்வர் ஓர் உடுக்குறியாவது வாங்காமல் வெளியேற மாட்டார்கள். "மாமா, உடுக்குறியே விழாமல் வந்திருந்தால்தான் வியப்பு" என்றான். அந்தப் பதினோராயிரத்துக்கு அப்போதே அவனைக் கேட்டிருக்கலாம்.

அவன் சொன்ன இன்னொன்றும் கேட்கத்தக்கது. வரிசைப்படுத்தி வெட்டுவதற்கு மாறாக, நிரவலிலிருந்து இருமடங்கு திட்ட விலக்கத்தைக் கழித்தும் கூட்டியும் வரம்பு காண்கிற குறுக்குவழி ஒன்று உண்டு. எண்கள் மணிக்கோட்டுக்கு அடங்கினால் அது சரியே. அடங்காவிட்டால்? எம் தெருவில் பத்து வீடு என்று கொள்க. ஒன்பது வீட்டில் திங்கள் வருவாய் 20,000 உருபா. பத்தாம் வீட்டார் நிலத்தை ஆலைக்கு விற்றுக் கட்டடங்கள் எழுப்பி வாடகைக்கு விட்டவர், அவர்க்கு 5,00,000. நிரவல் 68,000 என வரும்; அப்படி ஒரு வருவாய் எந்த வீட்டிலும் இல்லை. திட்ட விலக்கம் 1,44,000. கீழ்வரம்பு காணப் புகுந்தால், சுழியத்துக்கும் கீழே 2,20,000 என்று வரும்! கடன்பட்டவனும் இத்தெருவில் இயல்பான வருவாயுடையவனே என்று கணக்கு சான்று கொடுத்துவிடும். குருதியில் அளக்கும் பல பொருள்கள், கழுத்துச் சுரப்பியைத் தூண்டும் நீர், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் முதலியன, இப்படி ஒரு பக்கம் நீண்ட வால் உடையவையே. அவற்றை மணிக்கோட்டுக்குள் திணித்தால் எல்லை பிறழும்.

எத்தனை பேரை அளந்தால் போதும்? ஒவ்வொரு பிரிவுக்கும் குறைந்தது 120 பேர் என்பது இன்று ஆய்வகத்தார் ஒப்புக்கொண்ட நெறி. அகவை வேறு, ஆண் பெண் வேறு, கருவுற்றார் வேறு என்று பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நூற்றிருபது. இதற்கு ஆற்றாதோர், பிறர் வகுத்த வரம்பை எடுத்துக்கொண்டு, தம் பகுதியில் நலமுடைய இருபதின்மரையேனும் அளந்து, இருவர்க்கு மேல் வெளியே விழவில்லை என்று கண்டபின் ஏற்கலாம் எனவும் அந்நெறி இடம் தருகிறது. இருபதே பேர்! ஆனால், வேதிப்பொருள் பெட்டியில் அயல்நாட்டார் மடித்து வைத்த துண்டுத்தாளில் உள்ள எண்ணைப் பார்த்து அப்படியே அச்சிட்டுக்கொள்ளும் ஆய்வகங்கள் நம் நாட்டில் எத்தனையோ. அந்த எண் எந்நாட்டவரை அளந்து வந்தது என்று கேட்டால், முகப்பில் அமர்ந்திருக்கும் பெண்பிள்ளை நம்மைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பாள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. புள்ளியியலார் பக்கம் பக்கமாய் எழுதும் பதக்கூற்றுக் கொள்கை முழுவதும் அதில் அடங்கும் என்று வகுப்பில் பெருமையோடு சொல்லி வந்திருக்கிறேன். ஆனால், அப்பழமொழி ஒரே அடுப்பில், ஒரே நீரில் வெந்த சோற்றுக்குத்தான் பொருந்தும். அடுத்த வீட்டுப் பானையில் எடுத்த பருக்கையை வைத்து நம் சோற்றைப் பதம் பார்ப்பதும், அடிப்பிடித்த இடத்தில் எடுத்த பருக்கையை வைத்துப் பானை முழுமையும் இதுவே என்பதும் வெவ்வேறு பிழைகள். இயக்கத்தார் நாம் முதற் பிழையை விரைந்து காண்போம். இரண்டாவதைக் காண்பதில்லை.

முதற் பிழைக்குச் செந்நிறமியே சான்று. பெண்டிர்க்கு 12, ஆடவர்க்கு 13, கருவுற்றார்க்கு 11 என்று நாம் இன்று கையாளும் எல்லைகளை உலக நலவாழ்வு நிறுவனம் 1968ஆம் ஆண்டின் அறிக்கையில் உறுதி செய்தது. அவற்றுக்கு அடிப்படையாய் இருந்தவை ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடத்தக்க ஆய்வுகள். அளக்கப்பட்டோர் பெரும்பாலும் ஐரோப்பிய, வட அமெரிக்க வெள்ளையர். அந்த அளவுகோலைக் கொண்டே 2019-21ஆம் ஆண்டுகளின் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 அகவை வரையுள்ள பெண்டிருள் இந்தியாவில் 57 விழுக்காட்டினர்க்கும் தமிழ்நாட்டில் 53 விழுக்காட்டினர்க்கும் குருதிச்சோகை என்று அறிவித்தனர். அதிலும் விரல்நுனித் துளியே எடுக்கப்பட்டது. விரலை அழுத்திப் பிழிந்தால் குருதியோடு தசைநீரும் கலந்து எண் இறங்கிவிடக்கூடும். முகாமில் 11.4 என்றது நாளக் குருதியில் 12.2 ஆனதற்கு அது கரணியமாக இருக்கலாம். உலக நலவாழ்வு நிறுவனமே 2024இல் நாளக் குருதியே தக்கது என்று பரிந்துரைத்துவிட்டது.

அந்நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு நெறிமுறையில் நம் ஊர்க்கென்றே எழுதினாற்போல் ஒன்று இருக்கிறது. உயரம் மிக மிகக் காற்றில் உயிர்வளி குறையும். அதை ஈடுசெய்ய உடம்பு செந்நிறமியை மிகுத்துக்கொள்ளும். ஆகவே உயர்ந்த இடத்தில் எல்லையையும் உயர்த்த வேண்டும் என்பர். பழைய நெறியில் ஆயிரம் மீட்டருக்குக் கீழே திருத்தமே இல்லை. புதிய நெறியில் 500 மீட்டர் முதலே 0.4 கிராம் கூட்ட வேண்டும். ஓசூரோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர். ஆகவே இப்பெண்ணுக்கு எல்லை 12.0 அன்று, 12.4. இவள் 2023 வரை நலமுடையவள். 2024 முதல் குருதிச்சோகைக்காரி. பேருந்தேறிச் சென்னைக் கடற்கரையில் இறங்கினால் மீண்டும் நலமுடையவள்! குருதி ஒன்றுதான், எண்ணும் ஒன்றுதான்.

இனி, நம் நாட்டார் வகுத்த எல்லை ஒன்றும் உண்டு. இங்கிருந்து பேருந்தில் ஓரிரு மணித் தொலைவில், பெங்களூரின் செயின்ட் சான்சு மருத்துவக் கல்லூரியில் இருக்கும் அனுரா குர்பாடு, தில்லியைச் சேர்ந்த சச்தேவ் முதலியோர் 2021இல் இலான்செட்டு குழும இதழொன்றில் வெளியிட்டது அது. 2016-18இல் நாடு முழுதும் சிறுவர்களிடம் எடுத்த நாளக் குருதி அளவுகள் 41,210. அவற்றினின்று இரும்பு முதலிய ஊட்டக் குறையுடையோர், உடம்பில் அழற்சியுடையோர், செந்நிறமியிலேயே மரபுப் பிறழ்ச்சி உடையோர் முதலானோரை விலக்கி, 8,087 பேரை நலமுடையோர் எனத் தேர்ந்தனர். அவர்களை அளந்து கண்ட எல்லை, உலக நலவாழ்வு நிறுவனம் சொல்வதினும் பெரும்பாலும் 1 முதல் 2 கிராம் வரை குறைவு. பத்து அகவைக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளிடம் இவ்வேறுபாடு குறிப்பாகத் தெரிந்தது. இவ்வெல்லையை வைத்தால், 1 முதல் 19 அகவைக்குட்பட்டோரில் குருதிச்சோகை 30 விழுக்காட்டிலிருந்து 10.8 விழுக்காடாக இறங்கிவிடுகிறது. மூவரில் இருவர் ஒரே நாளில் நோய் நீங்கினர்.

இதைப் படித்த அன்றிரவு யான் எழுந்து நின்று கை தட்டாத குறை. "பார்த்தீரா! வெள்ளைக்காரன் மூலைமட்டத்தால் நம் மகளிரை அளந்து நோயாளி என்று முத்திரை குத்திவிட்டான். நமக்கு நம் அளவுகோல் வேண்டும்" என்று இவ்விதழுக்கு ஒரு கட்டுரையே எழுதத் தொடங்கினேன். மூன்று பக்கம் எழுதினேன். நான்காம் பக்கத்தில் எழுதுகோல் நின்றுவிட்டது.

நின்றதற்கு ஒரு கரணியம் நுரையீரல். மூச்சை முழுவதும் ஊதச் செய்து நுரையீரலின் கொள்ளளவை அளக்கும் கருவி உண்டு. அதில் ஊதுவோர் என்ன இனம் என்று கேட்டு, கருப்பர்க்கும் ஆசியர்க்கும் "இயல்பான" அளவையே வெள்ளையரினும் குறைவாகக் கணக்கிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அவர்கள் நுரையீரல் பிறவியிலேயே சிறிது என்பது கொள்கை. வறுமையில் வளர்ந்ததாலும், தூசும் புகையும் நிறைந்த வேலைகளே வாய்த்ததாலும் சுருங்கியிருக்கலாமே என்று கேட்டவர் சிலரே. 1999இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், கல்நார்த் தூசால் நுரையீரல் கெட்ட தொழிலாளர் இழப்பீடு கேட்டபோது, ஓவன்சு கார்னிங் என்ற நிறுவனம் வழக்குமன்றத்தில் என்ன வாதிட்டது தெரியுமா? கருப்பர்க்கு இயல்பு அளவே குறைவாதலின், அவர்கள் வெள்ளையரினும் மிகுதியான கேட்டைக் காட்டினால்தான் வழக்கை ஏற்க வேண்டும் என்றது. தனி அளவுகோல்! நாம் முழங்கும் அதே சொல். அமெரிக்க நெஞ்சக மருத்துவக் கழகம் 2023இல்தான், இனம் பாராத கணக்கையே கையாள வேண்டும் என்று பரிந்துரைத்தது.

நம் கிருட்டிணகிரி மாவட்டத்துக் கருங்கல் குவாரிகளில் கல்லறுக்கும் ஒருவரை இக்கருவியில் ஊதச் செய்வதாக எண்ணிப் பாருங்கள். அவர் மூச்சை, அவரைப் போலவே தூசு தின்ற பிறரின் மூச்சோடு ஒப்பிட்டு, "உங்கள் ஊர்க்கு இது இயல்புதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டால்? அளவுகோல் நம்முடையதுதான். அடிப்பிடித்த இடத்துப் பருக்கைதான்.

செந்நிறமிக்கும் இவ்வச்சம் பொருந்தும். பெங்களூர் ஆய்வாளர்கள் கண்மூடி அளக்கவில்லை. ஊட்டக் குறையுடையோரை விலக்கியே அளந்தனர். அதை மறைப்பது முறையன்று. ஆனால், எல்லையை இறக்குவது எளிது என்று கண்டுகொண்ட ஆளும் தரப்பார் எவரேனும், எண்ணிக்கை குறைந்துவிட்டது, சோறும் கீரையும் முட்டையும் இரும்பு மாத்திரையும் இனி எதற்கு என்று கேட்க எத்தனை நாளாகும்? மூவரில் இருவர்க்கு நோய் நீங்கியது மருந்தாலா, அழிப்பானாலா என்று யார் நின்று பார்ப்பர்? மறுபுறம், எல்லை உயரத்தில் இருந்தால் தேவையற்றவர்க்கும் இரும்பு புகட்டுவோம், அதுவும் தீங்கற்றதன்று. உலக நலவாழ்வு நிறுவனம் எல்லா இனத்தார்க்கும் ஒரே எல்லை என்பதையே 2024இலும் நிலைநிறுத்தியிருக்கிறது. இவ்வழக்கு அறிவியலாரிடையே இன்னும் தீரவில்லை.

தனி எல்லை எப்போதுமே தீது என்றும் யான் சொல்லவில்லை. உடற்பருமனைப் பாருங்கள். மேலையர்க்கு எடைக் குறியெண் 25 வரை கேடில்லை என்பர். நம்மவர்க்கு அதனினும் குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடுகிறது. ஆகவே 2009இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் 23ஐ எல்லையாக்கினர். அங்கே நம் தனி அளவுகோல் கண்டிப்பானது. அதனால் நமக்கு நன்மையே. வேறுபாடு எங்கே என்றால், அந்த 23 நம்மவர் எப்படி இருக்கிறார்கள் என்று எண்ணி வகுத்ததன்று. எவ்வளவுக்கு மேல் போனால் நம்மவர்க்குக் கேடு வருகிறது என்று பார்த்து வகுத்தது. நீரிழிவுக்கு உண்ணாநிலையில் 126 மில்லிகிராம் சருக்கரை என்ற எல்லையும் அவ்வாறே, எந்த அளவுக்கு மேல் விழித்திரை கெடத் தொடங்குகிறது என்று ஆய்ந்து பெற்றது. ஊரிற் பாதிப்பேர்க்குச் சருக்கரை ஏறியிருந்தாலும் அந்த எல்லை ஏறாது. இருப்பதை எண்ணும் கோல் ஒன்று. கேட்டை நோக்கும் கோல் மற்றொன்று. ஆய்வகத் தாள்களில் இரண்டும் ஒரே பத்தியில், ஒரே எழுத்தில், "நார்மல்" என்ற ஒரே தலைப்பின்கீழ் அச்சாகின்றன.

ஆகவே யான் கேட்பது இது. ஒவ்வோர் ஆய்வுத்தாளும் தமிழில் வர வேண்டும். "இயல்பு" என்ற சொல் போக வேண்டும். "ஒப்பு வரம்பு" என்று இட்டு, எந்நாட்டவர், எவ்வகவையினர், எத்தனை பேரை அளந்து கண்டது என்பதை அதன்கீழ் ஒரு வரியில் அச்சிட வேண்டும். கேட்டை நோக்கி வகுத்த எல்லையானால் "கேட்டெல்லை" என்று தனியே குறிக்க வேண்டும். கிருட்டிணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இவ்வுயரத்தில் வாழும் நலமுடைய நூற்றிருபது பெண்டிரைத் தேர்ந்து அளப்பது அதற்கு மலையைப் புரட்டும் வேலையன்று. (ஆலை வாயிலில் நின்று ஆள் பிடித்தால் எளிது என்று ஒருவர் சொன்னார். ஆலைக்காரர் வலியவரையே பொறுக்கி எடுக்கிறார். அவர்களை வைத்து ஊரை அளந்தால் அதுவும் பிழையே.)

மாணவியின் தந்தைக்கு வருவோம். நான்கு அளவுகோல்களையும் அவர்க்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் விடை?" என்றார். எனக்குத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, அரசு ஆரம்ப நலவாழ்வு நிலையத்து மருத்துவரிடம் அனுப்பினேன். அவ்வம்மையார் தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டுப் பெண்ணையே வினவினாராம். மாடியேறினால் மூச்சு வாங்குகிறதா, மாதவிலக்கு எத்தனை நாள், என்ன உண்கிறாய், உண்டவுடன் தேநீர் குடிப்பாயா என்று. காலையில் ஒன்றும் உண்ணாமல் பள்ளிக்கு வருபவள் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஓராண்டாக என் வகுப்பில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருப்பவள். பின்னர், செந்நிறமியை மட்டும் பார்த்தால் போதாது, இரும்புச் சேமிப்பையும் பார்ப்போம் என்று பெரிட்டின் ஆய்வுக்கு எழுதிக்கொடுத்தார்.

அதன் தாளும் என்னிடம் வந்தது. அளவு: 9. உலக நலவாழ்வு நிறுவனம் 15க்குக் கீழ் வந்தாலே இரும்புச் சேமிப்பு வற்றிவிட்டது என்கிறது. அப்பெண்ணிடம் இரும்பு இல்லை. செந்நிறமி மட்டும் இன்னும் சரியாமல் நிற்கிறது. ஆனால், அந்தத் தாளில் உடுக்குறி இல்லை! ஏனெனில், பெண்டிர்க்கான "நார்மல்" வரம்பு 5இல் தொடங்குவதாக அச்சிட்டிருந்தனர். பெண்டிர்க்குப் பெரிட்டின் கீழெல்லையை இப்படித் தாழ்வாக அச்சிடும் ஆய்வகங்கள் பல, அயல்நாட்டிலும் உண்டு. நோயில்லை என்று தோன்றிய பெண்டிரை வரிசையில் நிறுத்தி அளந்திருக்கிறார்கள். திங்கள்தோறும் குருதி இழப்பவர்களாதலின், அவர்களுள் பலர் இரும்பு வற்றியவர்களாகவே இருந்திருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்து அடியில் 2.5 விழுக்காட்டை வெட்டினால் கோடு 5இல் வந்து விழத்தானே செய்யும். வற்றியவர்களை வைத்து வகுத்த எல்லை, வற்றிய இன்னொருத்தியைப் பார்த்து நீ நலமுடையவள் என்கிறது. இதில் வெள்ளையர், நம்மவர் என்ற வேறுபாடும் இல்லை.

மருத்துவர் உடுக்குறியைத் தேடவில்லை. 9 என்ற எண்ணைப் பார்த்தார். மூன்று திங்களுக்கு இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். உணவோடு தேநீர் கூடாது என்றார். காலை உணவைப் பற்றித் தாயிடம் தனியே பேசினார். மாத்திரை தொடங்கி மூன்று கிழமை ஆகிறது.

தாளைத் தந்தை என்னிடமே விட்டுச் சென்றிருக்கிறார். அதன் படி ஒன்றில், 5 என்ற எண்ணைச் சுற்றி வட்டமிட்டு, "இது யாரை வைத்து அளந்தது? எத்தனை பேர்? எந்த ஊர்?" என்று தமிழில் எழுதி அந்த ஆய்வகத்துக்கு அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். இதுவரை விடை வரவில்லை. சென்ற கிழமை அடுத்த மடலும் போயிற்று.